சத்தம் நின்னா பயப்படாதீங்க; திரும்பி வரும்போது பயப்படுங்க

1/
போன வாரம் திங்கட்கிழமை காலை. ஓபி ஆரம்பிச்சு அரை மணி நேரம் இருக்கும். 19 வயசுப் பையன் ஒருத்தன் வலது காதை உள்ளங்கையால பொத்திக்கிட்டு உள்ள வந்தான். டிஜே ஒருத்தருக்கு உதவியாளா போறவன். முந்தின ராத்திரி ஈசிஆர்ல ஒரு ரிசார்ட் புல்வெளியில ரிசப்ஷன். "சார், காதுக்குள்ள ரைஸ் மில் ஓடுற மாதிரி ஒரே சத்தம். நிக்கவே மாட்டேங்குது."

2/
அடுத்து அவன் கேட்டது: "வியாழக்கிழமை முகூர்த்தம் சார். ரெண்டு மண்டபத்துக்கு ஒத்துக்கிட்டோம். அதுக்குள்ள சரியாயிடுமா?"
காது போயிடுச்சான்னு கேட்கல. வேலைக்குப் போக முடியுமான்னுதான் கேட்டான்.
இந்த இழையை அவனுக்காக எழுதல. அன்னைக்கு அந்தப் புல்வெளியில நின்னு "போடுப்பா, ஏத்துப்பா"ன்னு கத்தினவங்களுக்காக எழுதுறேன். அதுல நாமளும் உண்டு.

3/
நான் சொல்ல வர்றது இதுதான். டிஜே நிகழ்ச்சியில பாட்டு உரக்க ஓடும் நேரம் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனா பாட்டு திடீர்னு நின்னு, மறுபடி வர்ற அந்த ஒரு நொடி அதைவிட மோசமானதா இருக்கலாம். அந்த நொடியை மோசமாக்குறது மெஷின் இல்ல. பொறுமை இல்லாத கூட்டமும், பழைய கேபிளை மாத்தித் தராத முதலாளியும்தான்.

4/
போன தடவை திருவிழா ஒலிபெருக்கி பத்தி எழுதினப்போ வந்த பதில்கள் ஞாபகம் இருக்கு. "டாக்டருக்கு சவுண்ட் பத்தி என்ன தெரியும்?", "வருஷத்துல ஒரு நாள் கூத்து, அதையும் கெடுக்கணுமா?", "காது பழகிடும் சார்."
மூணுக்கும் இந்த இழையிலயே பதில் இருக்கு. கடைசி வரைக்கும் படிச்சிட்டு திட்டுங்க.

5/
முதல்ல அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அந்தத் தம்பி சொன்னதை வச்சு அடுக்குறேன்.
பாட்டு நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. திடீர்னு நிசப்தம். கூட்டம் "ஓஓஓ"ன்னு கத்துது. மாப்பிள்ளையோட நண்பர்கள் மேடையைச் சுத்தி வந்துட்டாங்க. டிஜே பதட்டத்துல கெயினைத் திருகுறார். சத்தம் வரல. ஃபேடரை மேல தள்ளுறார். வரல. மாஸ்டரை ஏத்துறார். அப்பவும் வரல.

6/
ஏன் வரல? கோளாறு மிக்ஸருக்கு முன்னாடி இல்ல, பின்னாடி. ஸ்பீக்கருக்குப் போற கேபிளோட ஜாக்ல லூஸ் கான்டாக்ட். அதைக் கண்டுபிடிச்சவன் நம்ம தம்பிதான். ஸ்பீக்கர் பக்கத்துல குந்தி உட்கார்ந்து ஜாக்கை ஆட்டிப் பார்த்திருக்கான். ஆட்டுற ஆட்டத்துல கான்டாக்ட் கிடைச்சிடுச்சு.
டிஜே மேல ஏத்தி வச்ச அத்தனையும் ஒரே நேரத்துல அவன் வலது காதுல இறங்கிடுச்சு.

7/
கணக்கு போடுவோம். கெயின்ல 6 டெசிபல், மாஸ்டர்ல 6 டெசிபல் ஏத்தியிருந்தா மொத்தம் 12. கேட்க சின்னதா இருக்கு. ஆனா டெசிபல் சாதாரண அளவுகோல் இல்ல. 3 டெசிபல் ஏறினா ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. 12 ஏறினா 16 மடங்கு.

8/
அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காதுக்கு ஒரு நாள் கணக்கு வச்சிருக்கு:
85 டெசிபல் – 8 மணி நேரம்
88 – 4 மணி நேரம்
91 – 2 மணி நேரம்
94 – 1 மணி நேரம்
97 – 30 நிமிஷம்
100 – 15 நிமிஷம்
ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே போனா 112 டெசிபலுக்கு ஒரு நிமிஷம்கூட முழுசா கிடையாது.

9/
இன்னொன்னு, தூரம். திறந்த வெளியில ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் பாதியானா சுமார் 6 டெசிபல் கூடும். 4 மீட்டர்ல ஆடிக்கிட்டிருந்தவருக்கு 112னா, 1 மீட்டர்ல குந்தியிருந்த பையனுக்கு 124.
சம்பளம் குறைவா வாங்குறவன்தான் எப்பவும் ஸ்பீக்கருக்கு மிகக் கிட்ட நிக்கிறான். இதை யாராவது கவனிச்சிருக்கோமா?

10/
இப்போ காதுக்குள்ள போவோம்.
உட்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதுல ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிர்ச் செல்கள். சத்தத்தை மின் செய்தியா மாத்தி மூளைக்கு அனுப்புறது இதுங்கதான். தோல் வளரும், எலும்பு கூடும். மனுஷனுக்கு இந்தச் செல் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

11/
இயற்கை ஒரு சின்னப் பாதுகாப்பு வச்சிருக்கு. நடுக்காதுல ஒரு குட்டித் தசை. உடம்புல இருக்கிற எலும்புத் தசைகளிலேயே மிகச் சின்னது. உரத்த சத்தம் வந்தா அது சுருங்கி, உள்ள போற அதிர்வைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும். ஆனா சுருங்க ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு வரைக்கும் ஆகும்.

12/
பாட்டு ஓடிக்கிட்டே இருந்தா இந்தத் தசை ஓரளவு வேலையில இருக்கும். பாட்டு நின்னா தளர்ந்துடும். அந்த நேரம் பார்த்து 16 மடங்கு சக்தியோட சத்தம் வந்தா, தசை சுருங்குறதுக்குள்ள முதல் அடி உள்ள போயிடும். தாழ்ப்பாள் போட எழுந்திருக்கும்போதே கதவை உடைச்ச கதை.
அதனாலதான் சொல்றேன், சத்தம் நின்னதைவிட திரும்பி வர்ற விதம் முக்கியம்.

13/
"காது பழகிடும் சார்."
பழகாது. சத்தமான இடத்துல இருந்து வெளிய வந்ததும் காது அடைச்ச மாதிரி இருக்கும், காலையில சரியாயிடும். அதைத்தான் பழகிடுச்சுன்னு நினைக்கிறோம். 2009ல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்: கேட்கும் அளவு முழுசா பழைய நிலைக்கு வந்த பிறகும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பெருமளவு அழிஞ்சே இருந்தன.

14/
"எனக்கு உரத்த சத்தம் ஒண்ணுமே பண்ணல"ன்னு சொல்றவர் அநேகமா கேட்கும் திறனைக் கொஞ்சம் இழந்தவர். சைகை என்னன்னா, வீட்டுல டிவி வால்யூம் ஏறிக்கிட்டே போகும். கூட்டத்துல நாலு பேர் பேசினா புரியாது. "என்ன, என்ன"ன்னு ரெண்டு தடவை கேட்பார். மனைவி "நான் சொல்றதை மட்டும் இவர் கேட்கவே மாட்டார்"ம்பாங்க. சில வீட்டுல அது நிஜமாவே காதுப் பிரச்சினை.

15/
"டாக்டருக்கு சவுண்ட் பத்தி என்ன தெரியும்?"
நியாயமான கேள்வி. தெரியாது. அதனால, செங்கல்பட்டுல முப்பது வருஷமா சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கிற ஒரு அண்ணன் கிட்ட ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, சத்தம் ஏன் நிக்குது?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டு, "டாக்டர், நெஞ்சு வலின்னு வந்தா நீங்க எத்தனை காரணம் பார்ப்பீங்க? இதுவும் அப்படித்தான்"னார்.

16/
அவர் சொல்லிக் கொடுத்த முதல் விதி, நான் இனி ஓபியில டிஜே பசங்களுக்கு மருந்துச் சீட்டுல எழுதித் தரப்போற விதி:
நின்னா, இறக்கு.
சத்தம் நின்ன உடனே கை போக வேண்டிய இடம் மாஸ்டர். மேல இல்ல, கீழ. முழுசா இறக்கிட்டுத்தான் தேடணும். கோளாறு தெரிஞ்சதும் அடியில இருந்து மெதுவா ஏத்தணும்.
இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

17/
ரெண்டாவது: மிக்ஸர் மீட்டரைப் பார். விளக்கு துடிக்குதா?
துடிச்சா, பாட்டு மிக்ஸர் வரைக்கும் வந்திருக்கு. கோளாறு அதுக்கு அப்புறம்: கேபிள், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், கரண்ட்.
துடிக்கலன்னா கோளாறு அதுக்கு முன்னாடி: லேப்டாப், யூஎஸ்பி, பென்டிரைவ், சேனல் பட்டன்.
இந்த ஒரே பார்வையில பாதி பிரச்சினை பிரிஞ்சிடும். மீட்டர் துடிக்கும்போது கெயினைத் திருகுறது, கால் உடைஞ்சவனுக்கு கண்ணாடி போடுற வேலை.

18/
நம்ம கடற்கரையில சத்தம் நிக்க முதல் காரணம் உப்புக்காத்து. கோவளத்துல இருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரைக்கும் ஈசிஆர்ல வீடு வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும். கேட் துருப்பிடிக்கும், ஏசி வெளி யூனிட் அரிச்சுப்போகும். அதே காத்து ஜாக், சாக்கெட் மேலயும்தானே படுது? பித்தளை மேல பச்சைக் களிம்பு ஏறும். முதல்ல கரகரன்னு இரையும், அப்புறம் விட்டு விட்டு வரும், ஒரு நாள் மொத்தமா நிக்கும்.

19/
வைத்தியம்: நிகழ்ச்சி முடிஞ்சதும் ஜாக்குகளை ஈரமில்லாத துணியால துடைக்கணும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கணும். பெட்டிக்குள்ள சிலிகா ஜெல் பொட்டலம் போடணும். ஒவ்வொரு வகைக் கேபிள்லயும் ஒண்ணு உபரியா எடுத்துட்டுப் போகணும். கரகரப்பு ஆரம்பிச்ச கேபிளை "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிடலாம்"னு மறுபடி சொருகக் கூடாது. கரகரப்பு ஒரு எச்சரிக்கை. மாரடைப்புக்கு முன்னாடி வர்ற நெஞ்சு வலி மாதிரி.

20/
ரெண்டாவது காரணம் கரண்ட். மண்டபத்துல லைன் போய் ஜெனரேட்டருக்கு மாறுற அந்த சில நொடியில லேப்டாப் பேட்டரியில ஓடும், மிக்ஸர் அணைஞ்சு எரியும். அணைஞ்சு எரியும்போது ஸ்பீக்கர்ல "டொம்"னு ஒரு இடி. மிக்ஸருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வச்சா இது தீரும்.
வரிசையும் முக்கியம். போடும்போது ஆம்ப்ளிஃபையர் கடைசி. அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதல்.

21/
மூணாவது, சூடு. சித்திரை வெயில்ல மத்தியானம் முழுக்க வெளிய கிடந்த ஆம்ப்ளிஃபையர், சாயங்காலம் முழு பலத்துல ஓடினா, எரிஞ்சுபோகாம இருக்க தானே சத்தத்தை நிறுத்திக்கும். ஆறினதும் தானே திரும்ப வரும். யாருக்கும் சொல்லிட்டு வராது! அதுக்குள்ள டிஜே மாஸ்டரை ஏத்தியிருந்தா கதை முடிஞ்சது. நிழல்ல வைங்க, பின்பக்கம் காத்து போக இடம் விடுங்க, மேல துணி போட்டு மூடாதீங்க.

22/
நாலாவது, லேப்டாப். சத்தம் மொத்தமா நிக்காம வெட்டி வெட்டி வந்தா பெரும்பாலும் இதுதான்.
வைஃபையும் புளூடூத்தும் அணைச்சிடுங்க. யூஎஸ்பி பவர் சேவிங்கை நிறுத்துங்க. சார்ஜர்லயே ஓட்டுங்க. மலிவான ஹப் வழியா கன்ட்ரோலரை மாட்டாதீங்க. டிஜே சாஃப்ட்வேர்ல பஃபர் அளவு 128ல இருந்தா 512க்கு ஏத்துங்க. கூடுற தாமதம் நொடியில நூத்துல ஒரு பங்குதான், ஆடுறவனுக்குத் தெரியாது.

23/
அஞ்சாவது, போன். "என் போன்ல ஒரு பாட்டு இருக்கு, போடுங்க"ன்னு மாப்பிள்ளை மாமா கொடுப்பார். மாட்டுவாங்க. நடுவுல அவருக்கு அழைப்பு வரும். பாட்டு நிக்கும், ரிங்டோன் முழு மண்டபத்துக்கும் கேட்கும்! மாட்டுறதுக்கு முன்னாடி ஏரோபிளேன் மோட் போடுங்க. இதுக்குப் பெரிய படிப்பு வேணாம்.

24/
இதெல்லாம் தேடும்போது ஒரு டாக்டரா கூடுதலா ஒரு வார்த்தை. ஈர மணல்ல வெறுங்காலோட நின்னு ஓடுற லைன்ல கை வைக்காதீங்க. கசிவு கரண்டை வெட்டுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம கடற்கரையில செட் போடவே கூடாது. காது போனா ஒரு புலன் போச்சு. கரண்ட் அடிச்சா என் ஓபிக்கே வரமாட்டீங்க.

25/
சரி, சத்தம் எவ்வளவு வைக்கலாம்?
உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்ல இசை அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தரநிலை வெளியிட்டுச்சு. எந்த 15 நிமிஷத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூடவே, சத்தத்தைத் தொடர்ந்து அளக்கணும், ஸ்பீக்கரைச் சரியான இடத்துல வைக்கணும், காது அடைப்பான் கிடைக்கணும், காதுக்கு ஓய்வு தர ஒரு அமைதியான இடம் இருக்கணும், ஊழியருக்குப் பயிற்சி தரணும்.

26/
கவனிங்க: 100 என்பது உச்சவரம்பு. "டபிள்யூஎச்ஓவே 100 வைக்கலாம்னு சொல்லிடுச்சு"ன்னு கிளம்பாதீங்க. அந்த 100 கூட மத்த அஞ்சும் சேர்ந்து இருந்தாத்தான். நம்ம மண்டபத்துல அந்த அஞ்சுல எது இருக்கு?
12 முதல் 35 வயசு வரை உள்ளவங்கள்ல 100 கோடிக்கும் மேற்பட்டவங்க உரத்த இசையால கேட்கும் திறனை இழக்கும் அபாயத்துல இருக்காங்கன்னு அதே நிறுவனம்தான் சொல்லுது.

27/
என் கருத்து: குடும்ப விசேஷத்துக்கு ஆடுற இடத்தின் நடுவுல 90ஐத் தாண்ட வேண்டிய அவசியமே இல்ல. சாப்பாட்டுப் பந்தி, வரவேற்புப் பகுதி 75க்குள்ள. இளைஞர்கள் மட்டும் ஆடுற நிகழ்ச்சின்னா 95, அதுவும் இடைவேளையோட.
அளக்க, ஐபோன்ல நியோஷ் சவுண்ட் லெவல் மீட்டர் இலவசம். போன் மீட்டர் முன்னப்பின்ன காட்டும், ஆனா 85க்கும் 105க்கும் வித்தியாசம் தெரியும். போனே வேணாம்னா, ஒரு கை நீட்டுற தூரத்துல நிக்கிறவர் கிட்ட கத்தித்தான் பேச முடியுதுன்னா அளவு தாண்டிடுச்சு.

28/
எப்படி வைக்கிறது? அண்ணன் சொன்னது:
கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே உரக்க இருக்கிற பாட்டைப் போடு. சேனல் மீட்டர் சிவப்பு தொடாத மாதிரி கெயினை வை. அப்புறம் மாஸ்டரை ஏத்தி, ஆடுற இடத்துல மீட்டரோட ஒருத்தரை நிறுத்தி, வேண்டிய அளவு வந்ததும் மாஸ்டர் பக்கத்துல ஒரு டேப் ஒட்டு. ராத்திரி முழுக்க அந்தக் கோட்டைத் தாண்டாதே. லிமிட்டர் இருந்தா அந்த அளவுல பூட்டி, யாரும் தொட முடியாம வை.

29/
அந்த டேப் ஏன் முக்கியம் தெரியுமா? ரெண்டு மணி நேரம் வாசிச்ச டிஜேவோட காதும் மந்தமாகும். 8 மணிக்கு சரியா இருந்தது 10 மணிக்கு அவருக்குக் குறைவா கேட்கும். ஏத்துவார். இன்னும் மந்தமாகும். இன்னும் ஏத்துவார். குடிச்சவன் "நான் ஸ்டெடி"ங்கிற மாதிரி. தன் காதை நம்பி சத்தம் வைக்கிற டிஜேவை நம்பாதீங்க. டேப்பை நம்புங்க.

30/
சிவப்பு விளக்கு எரிஞ்சா அது மாஸ் இல்ல. அலையோட உச்சி வெட்டுப்பட்டு ஒலி உடைஞ்சு வருதுன்னு அர்த்தம். காதுக்கும் கேடு, ட்வீட்டரும் எரியும். சுத்தமா வர்ற 90 டெசிபல், உடைஞ்சு வர்ற 105ஐ விட நல்லா ஆட வைக்கும்.
ரெண்டு ராட்சச ஸ்பீக்கரை மேடையில அடுக்குறதுக்குப் பதிலா நாலு சின்ன ஸ்பீக்கரை ஸ்டாண்ட்ல தலைக்கு மேல தூக்கிப் பிரிச்சு வைங்க. முன்னாடி 3 மீட்டருக்குக் கயிறு கட்டுங்க.

31/
இப்போ குழந்தைகள். மண்டபத்துல நான் பார்க்கிற, பார்க்கவே முடியாத காட்சி: கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஸ்பீக்கருக்கு முன்னாடி ஆடுறது. "தூங்குறான் சார், சத்தம் ஒண்ணும் பண்ணல."
குழந்தை தூங்கினா காது தூங்காது. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல்னா, குழந்தைகளுக்கு 75தான் உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. குழந்தையைக் கடைசி வரிசைக்குக் கொண்டு போங்க. முடிஞ்சா வெளிய.

32/
சட்டத்துக்கு வருவோம். ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவுல 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்குள்ள மட்டும்தான்.
ரிசார்ட் புல்வெளி மூடிய அரங்கு இல்ல. கடற்கரை மணல் மூடிய அரங்கு இல்ல. பந்தலுக்கு மேல வலை கட்டினாலும் இல்ல!

33/
இதுக்கு வழக்கு நடந்ததே நம்ம ஊர்லதான். சென்னையில ஒரு காலனி நலச்சங்கம் ஒலிபெருக்கிக்கு எதிரா தொடுத்த வழக்குல, 2000 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: வழிபாட்டின் பேர்லகூட அடுத்தவர் அமைதியைக் கெடுக்கிற உரிமை யாருக்கும் இல்ல. 2005 ஜூலையில இன்னொரு பெரிய தீர்ப்பு: கேட்க விரும்பாதவர் காதுல சத்தத்தைத் திணிக்கிறது பேச்சுரிமை ஆகாது. சாமிக்கே இல்லாத சலுகையை சங்கீத் நிகழ்ச்சிக்குக் கேட்கிறோம்.

34/
ஆனா இந்தச் சட்டத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. அது சுற்றுச்சுவர்ல அளக்கச் சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாத்துது, சரி. சுவருக்கு உள்ள ஆடுறவன், பரிமாறுறவன், ஜாக்கை ஆட்டுறவன்? சுவிட்சர்லாந்துல சராசரி 93 டெசிபலைத் தாண்டுற நிகழ்ச்சியில இலவசமா காது அடைப்பான் தரணும், மணிக்கணக்குச் சராசரி 100ஐத் தாண்டவே கூடாது. பிரான்ஸ்ல 102 உச்சம். அங்கயும் இளைஞர்கள் ஆடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

35/
ஈசிஆர் பார்ட்டின்னாலே நமக்குப் பேச ஒரே விஷயம் போதை. 2019 மே மாசம் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்ல போலீஸ் சோதனை நடந்தப்போ நாள் கணக்குல பேசினோம். பேசணும், தப்பில்ல. ஆனா எந்தப் போதையும் தொடாம, வீட்டுக் கல்யாணத்துல நின்னு காதை இழந்துட்டு வர்றவங்களைப் பத்தி ஒரு நாளாவது பேசினோமா?

36/
எல்லாப் பழியையும் டிஜே தலையில போடுறதும் எனக்கு ஒப்பாது. அவர் குறைச்சா "சவுண்டே இல்ல, காசு கிடையாது"ம்பாங்க. கூட்டினா பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார். நடுவுல மாட்டிக்கிட்டவர் அவர்.
மேடை அலங்காரத்துக்கு லட்சக்கணக்குல கொடுக்கிற குடும்பம், "புதுக் கேபிள், லிமிட்டர், ஒரு மீட்டர்"னு கேட்டா பேரம் பேசுது. பூ மறுநாள் குப்பைக்குப் போகுது. காது?

37/
இனி புக் பண்ணும்போது நாலே கேள்வி கேளுங்க.
லிமிட்டர் இருக்கா? உபரி கேபிள் இருக்கா? உங்க பசங்களுக்கு காது அடைப்பான் தர்றீங்களா? 10 மணிக்கு நிறுத்துவீங்களா?
நாலுக்கும் ஆமான்னு சொல்றவர் ரெண்டாயிரம் கூடக் கேட்டா கொடுங்க. மண்டப முதலாளிகளே, லிமிட்டரை உங்க சுவர்லயே பொருத்துங்க. வர்ற சவுண்ட் சர்வீஸ் எதுவானாலும் அது வழியாத்தான் போகணும்.

38/
ஒருவேளை நடந்துடுச்சு. காதுல இரைச்சல், அடைச்ச மாதிரி இருக்கு. என்ன செய்யணும்?
உடனே சத்தத்தை விட்டு விலகுங்க. எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. பட்ஸ் போட்டுக் குடையாதீங்க. அன்னைக்கு ஹெட்போன் வேணாம். 24 மணி நேரத்துல தெளியலன்னா, அல்லது ஒரு காது சட்டுனு கேட்காமப் போனா, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. மருந்துக்குப் பலன் இருந்தா அது ஆரம்ப நாட்கள்லதான். "முகூர்த்தம் முடியட்டும்"னு ரெண்டு வாரம் கழிச்சு வந்தா எங்க கையில ஒண்ணும் இருக்காது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில இதுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

39/
அந்தத் தம்பிக்கு ஆடியோகிராம் எடுத்தோம். வலது காதுல 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். மாமல்லபுரத்துல கல்லு மேல கிரைண்டர் பிடிச்சு வருஷக்கணக்கா உழைச்ச சிற்பிகள் காதுல பார்க்கிற அதே பள்ளம். அவங்களுக்கு அது வர இருபது வருஷம் ஆச்சு. இவனுக்கு ஒரு ராத்திரி.
மறுநாளே வந்ததால சிகிச்சை கொடுத்தோம். கொஞ்சம் மீண்டிருக்கு. இரைச்சல் இன்னும் இருக்கு. முழுசா போகும்னு நான் அவனுக்கு வாக்கு கொடுக்கல.

40/
வியாழக்கிழமை முகூர்த்தத்துக்குப் போகாதேன்னேன். "போகலன்னா வேற பையனைப் போட்டுடுவாங்க சார்"னான். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.
உங்ககிட்ட இருக்கு. அடுத்த கல்யாணத்துல பாட்டு நின்னா கத்தாதீங்க. ஓடிப்போய் மேடையைச் சுத்தாதீங்க. "மெதுவா பாருப்பா, அவசரமில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு பையன் குந்தியிருப்பான். மாஸ்டர் இறங்கியிருக்கான்னு பார்த்துட்டு அவன் ஜாக்கைத் தொடட்டும்.

டிஜே நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. மண்டபம் புக் பண்ணப்போற சொந்தக்காரர் இருந்தா கட்டாயம் அனுப்புங்க.